சன்னல் இல்லாத நாடும் புன்னை எண்ணெயும்

கேளுங்கள். காடெல்லாம் நாடான பிறகு, கணக்குப்பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பு, நடுவில் ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் வேங்கைமாறன் என்ற அரசன் மருத நாட்டை ஆண்டு வந்தான்.

நல்ல நாடு. ஆறு இருந்தது, வயல் இருந்தது, மாடு இருந்தது. சன்னல் மட்டும் இல்லை.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. வேங்கைமாறனின் முப்பாட்டன் முடிசூடிய அன்று, சன்னல் வழியே காற்று வந்து மங்கல விளக்கை அணைத்துவிட்டது. அபசகுனம் என்று சொல்லி அரண்மனைச் சன்னல்களை அடைத்தார்கள். அரண்மனையைப் பார்த்துப் பிரபுக்கள் அடைத்தார்கள். பிரபுக்களைப் பார்த்து ஊரே அடைத்தது. சுவரில் ஓட்டை போடுவது ராஜ துரோகம் என்று பிறகு சட்டமும் வந்தது. வாசல்களில் கனத்த திரை தொங்கியது.

ஆகவே அந்த நாட்டில் உச்சி வெயிலில் விளக்கு எரிந்தது. தறியருகே விளக்கு, அடுப்பருகே விளக்கு, பள்ளிக்கூடத்தில் விளக்கு. சிரிக்காதீர்கள், பழகிவிட்டால் உங்களுக்கும் அது சரியாகத்தான் படும்.

இத்தனை விளக்குக்கும் எண்ணெய் தெற்கே கடலோரத்துக் கானல் நாட்டிலிருந்து வந்தது. அங்கே புன்னை மரங்கள் காடாக நின்றன. கானலரசன் முதலில் எண்ணெய்க்கு நெல் கேட்டான். கொடுத்தார்கள். அடுத்து நெல்லோடு உழவு மாடும் கேட்டான். முனகிக்கொண்டே கொடுத்தார்கள். அவன் ருசி கண்டுவிட்டான். மூன்றாவதாக ஒரு தூதனை அனுப்பினான். ஆழியப்பன் என்று பெயர். பெருத்த உடம்பு, மெல்லிய குரல்.

"எங்கள் அரசர் உங்கள் ஆற்றைக் கேட்கிறார்" என்றான் ஆழியப்பன்.

"ஆற்றையா?" என்றான் வேங்கைமாறன்.

"ஆற்றைத்தான். மலையடியில் அணை கட்டி எங்கள் பக்கம் திருப்பிக்கொள்கிறோம். அறுவடைக்குள் பதில் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் எண்ணெய் வராது."

ஆறு போனால் வயல் போகும். வயல் போனால் சனங்கள் போவார்கள். அரசன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே அழுதான். விளக்குகள் கிரீடத்துக்கு நேராக வைக்கப்பட்டிருந்ததால் அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

பிறகு மூன்று பேரைக் கூப்பிட்டு யோசனை கேட்டான்.

சேனாபதி சொன்னார்: "படையெடுப்போம் மன்னா. இரவோடு இரவாகக் காட்டுப்பாதையில் போய் மடக்கிவிடலாம்."

"தீவட்டிக்கு எண்ணெய்?"

சேனாபதி யோசித்தார். "கானல் நாட்டில் கைமாற்றாகக் கேட்டுப் பார்க்கலாம்" என்றார்.

பொக்கிஷதார் சொன்னார்: "வடக்கே குறும்பூர் வணிகர்களிடம் வாங்குவோம். இவன் தயவு நமக்கு எதற்கு?" ஆள் போனான், ஆள் வந்தான். குறும்பூரார் அதே எண்ணெயைக் கானல் நாட்டில் வாங்கி, குடத்தை மாற்றி, விலையை ஏற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாமவர் விளக்கு அமைச்சர் சுடரொளியார். ஆமாம், விளக்குக்கென்று தனி அமைச்சர் இருந்தார். "வீட்டுக்குப் பாதி விளக்குதான் எரிய வேண்டும் என்று கட்டளை இடுவோம்" என்றார் அவர். கட்டளை பிறந்தது. அதை மேற்பார்க்கத் தெருவுக்குத் தெரு அதிகாரிகள் பிறந்தார்கள். அதிகாரி ஒவ்வொருவரும் கையில் ஒரு விளக்கோடு வீடு வீடாக நுழைந்து எட்டிப் பார்த்தார். அந்த மாதம் எண்ணெய் கூடுதலாகச் செலவானது.

இப்படி யோசனைகள் தீர்ந்துகொண்டிருக்க, தூதன் ஆழியப்பன் விருந்தினர் மாளிகையில் பதிலுக்காகக் காத்திருந்தான். பாவம், கடற்காற்றில் வளர்ந்த ஆள். புகையில் கண் எரிந்தது, மூச்சு முட்டியது. ஒரு காலையில் பொறுக்க மாட்டாமல், பூண் போட்ட கைத்தடியால் சுவரைக் குத்தி ஒரு செங்கல்லைப் பெயர்த்தான். காற்று வந்தது. இன்னும் இரண்டைப் பெயர்த்தான். அப்புறம் அதன் கீழேயே பாயைப் போட்டுக் குறட்டை விட்டான்.

காவலர்கள் பிடித்துவிட்டார்கள். சுவரில் ஓட்டை, அதுவும் அரசாங்கச் சுவரில். அயல்நாட்டுத் தூதனைச் சபைக்கு இழுத்து வருவது மரியாதை இல்லை என்பதால், சபையே மாளிகைக்குக் கிளம்பிப் போனது.

சுடரொளியார் நடுவில் நின்று குற்ற ஓலையை வாசித்தார். பக்கத்தில் ஒருவன் விளக்கைப் பிடித்தான். நீளமான ஓலை. பாதியில் ஓட்டை வழியே காற்று வந்து விளக்கு அணைந்தது. சுடரொளியார் தடுமாறாமல் வாசித்துக்கொண்டே போனார்.

"சுடரொளியாரே, எப்படி வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டான் அரசன்.

"கண்ணால்தான், மன்னா."

"விளக்கு அணைந்து வெகு நேரமாகிறதே."

சுடரொளியார் விளக்கைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "அபசகுனம்" என்றார்.

தரையில் மூன்று செங்கல் அளவுக்கு வெயில் விழுந்திருந்தது. வேங்கைமாறன் அதில் தன் கையை நீட்டிப் பார்த்தான். ஒரு சுவரை இடிக்க மனமில்லாமல் ஆற்றையே கொடுக்க இருந்தோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. கொடுத்த மாடுகளை நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

"தூதரை விட்டுவிடுங்கள்" என்றான். "தூதரே, ஆறு இங்கேயேதான் ஓடும் என்று உங்கள் அரசரிடம் சொல்லுங்கள்."

ஆழியப்பனுக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. கைத்தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினான்.

அரசன் கடப்பாரையை வாங்கி முதலில் அரண்மனைச் சுவரைத்தான் இடித்தான். வெளிச்சம் உள்ளே வந்தது. அத்தனை காலமும் வெள்ளை என்று எல்லாரும் நம்பிய அமைச்சர்களின் ஆடைகள் வெள்ளை இல்லை என்று தெரிந்தது. அரண்மனையைப் பார்த்துப் பிரபுக்கள் இடித்தார்கள். பிரபுக்களைப் பார்த்து ஊர் இடித்தது.

எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. எண்ணெய் நின்றபோது பாதி ஊரில்தான் சன்னல் இருந்தது. மீதிப் பாதி வாசலில் உட்கார்ந்து வேலை பார்த்தது, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுப் படுத்தது. சில வீடுகளில் மழைச்சாரல் உள்ளே வந்தது, கதவு போட்டுக்கொண்டார்கள். இரவு விளக்குக்கு எண்ணெய் வேண்டுமே? தோப்புகளில் இலுப்பைக் கொட்டை பொறுக்குவார் இல்லாமல் கிடந்தது. அதைச் செக்கில் ஆட்டினார்கள். பகலுக்கும் சேர்த்து எரித்த காலத்தில் அது எந்த மூலைக்கும் போதாது. இரவுக்கு மட்டும் என்றபோது போதுமானதாக இருந்தது.

கானலரசன் சும்மா இருப்பானா? ஆறு வேண்டாம், நெல்லும் மாடும் போதும் என்று சொல்லி அனுப்பினான். பதில் இல்லை. மாடு வேண்டாம், நெல் போதும் என்றான். பதில் இல்லை. மூன்றாம் முறை நூறு வண்டி எண்ணெய் எல்லைக்கு வந்து நின்றது. ஆழியப்பனே முன்வண்டியில் உட்கார்ந்திருந்தான். "எதுவும் தர வேண்டாம். அன்பளிப்பு. இனி ஆண்டுதோறும் இப்படியே வரும்" என்றான்.

சபை உருகிவிட்டது. சும்மா வருவதை எதற்கு விடுவது என்றார்கள். சுடரொளியார் வீட்டு வாசலில் அதற்குள் செங்கல் இறங்கி, சுண்ணாம்பு குழைக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அரசன் பொக்கிஷதாரைப் பார்த்தான். "இந்த எண்ணெயை வாங்கினால் நம் சன்னல்கள் என்ன ஆகும்?"

"ஒவ்வொன்றாக மூடிவிடுவோம், மன்னா."

"நம் செக்குகள்?"

"ஓடாது."

"கொடுப்பதை அவன் எப்போது நிறுத்துவான்?"

"நாம் கடைசிச் சன்னலை மூடிய மறுநாள்" என்றார் பொக்கிஷதார்.

வேங்கைமாறன் எல்லைக்குப் போய் ஆழியப்பனுக்கு மோர் கொடுத்து, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி, நூறு வண்டியையும் வந்த வழியே திருப்பி அனுப்பினான்.

ஆகையால் கேட்டவர்களே, ஒரு பொருளுக்காக அயலானிடம் கைகட்டி நிற்கும் நாடு முதலில் தன் வீட்டில் அதன் தேவையைக் குறைக்க வேண்டும், அந்தப் பொருள் சும்மா வரும் நாளில் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.