மேட்டுப்பக்கம்

“யாரும் உள்ளே போறதில்லைங்க சார். பாதையை அடைச்சாச்சு. அப்புறமும் அது வருது. எங்கிருந்துங்க வருது?”

பொற்கொடி டீச்சர் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. கோபத்தில் கேட்டார்.

இருதயராஜ் ஆராய்ச்சி நிலையத்து முற்றத்தில் வெயிலில் காயப்போட்டிருந்த இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். முடிக்கும் வரை வாய் திறக்கவில்லை. அது அவர் வழக்கம். அவரிடம் காட்டைப் படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் இந்த வழக்கம் பொறுக்காமல்தான் மலையிறங்கி ஓடினார்கள்.

டீச்சர் ஓடவில்லை. உடுமலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்திவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். குருவைவிட வயதில் மூத்த சிஷ்யை. இவர் அவரை ‘சார்’ என்பார், அவர் இவரை ‘டீச்சர்’ என்பார். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று வெளியாட்கள் குழம்பிப்போவார்கள்.

“எது வருது?” என்றார் இருதயராஜ்.

“ஒட்டுப்பூண்டு.”

அது எந்தச் சீமையிலிருந்தோ வந்த களை. விதையில் இரண்டு கொக்கி இருக்கும். துணியில் பட்டால் விடாது. அது வேர் பிடித்த இடத்தில் எந்த மரத்தின் கன்றும் தலைதூக்காது.

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மலைச்சரிவில் மிச்சமிருந்த ஒரு சின்னச் சோலையில்தான் டீச்சரின் ஆராய்ச்சி. அங்கே என்னென்ன மரம் இருக்கிறது, எது சாகிறது, எது பிழைக்கிறது என்று பார்ப்பது. மரத்துக்கு மரம் எண் போட்ட தகடு அடித்திருந்தார். அடிக்கடி போய் நாடா பிடித்துப் பருமனை அளப்பார். பெற்ற பிள்ளை இளைத்தால் எப்படிப் பதறுவாரோ அப்படித்தான் அந்த மரங்களுக்காகவும் பதறினார்.

“நாளைக்கு ரேஞ்சர் ஆபீஸ்ல கூட்டம்,” என்றார் டீச்சர். “பாதையைத் திறந்துவிடச் சொல்லி லயத்துக்காரங்க கேக்குறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாத் திறக்கமாட்டாங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

“எதுக்குத் திறக்கச் சொல்றாங்க?”

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உங்களுக்குத் தெரியாதாங்க?”

தெரியும். ஊருக்கே தெரியும்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு, சோலை வழியாக ஒரு குறுக்குப்பாதை இருந்தது. ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெண்கள் அதில்தான் போய்வந்தார்கள். அவர்கள் சேலையில் ஒட்டிக்கொண்டுதான் களை உள்ளே வருகிறது என்று டீச்சர் எழுதிக் கொடுத்தார். படித்தவர் எழுதிக் கொடுத்தது. யாரும் மறுபேச்சுப் பேசவில்லை, முள்கம்பி இழுத்து அடைத்துவிட்டார்கள். பெண்கள் ஓடையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஓடையோரம் யானை நடமாட்டம்.

போன மாதம் பேச்சியம்மாள் அந்த வழியாக அரிசி வாங்கப் போனாள். பனிமூட்டத்தில் யானை நின்றது அவளுக்குத் தெரியவில்லை. போர்வையில் அள்ளித்தான் கொண்டுவந்தார்கள்.

“துக்கம் கேக்கப் போனீங்களா?” என்றார் இருதயராஜ்.

“போனேன். அவ புருஷன் என்னைப் பார்த்து, ‘களை போயிடுச்சாம்மா?’ன்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கொஞ்சம் கொஞ்சமாப் போகும்னு சொன்னேன்.”

இருதயராஜ் காய்ந்த இலைகளை அடுக்கத் தொடங்கினார்.

“எனக்கு மட்டும் மனசு இல்லையாங்க?” என்றார் டீச்சர். “மழையில வழுக்கி விழுந்தப்ப என்னைக் கைத்தாங்கலா ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டவ பேச்சி. அவளை நினைச்சா எனக்குச் சோறு இறங்கமாட்டேங்குது. ஆனா இந்தக் காட்டுக்காக யாராவது ஒருத்தர் கல்நெஞ்சா இருந்துதானே ஆகணும்?”

இருதயராஜ் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பாதையை அடைக்கச் சொல்லி டீச்சர் எழுதியபோதும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. பேசாமல் இருந்தால் ஞானி என்று பெயர் வந்துவிடுகிறது, வசதியான பெயர். பேச்சி இறந்ததிலிருந்து அந்தப் பெயர் அவருக்குக் கசந்துகொண்டிருந்தது.

“நாடாவை எடுத்துக்கிட்டு வாங்க,” என்றார்.

“அளக்குற நேரம் இன்னும் வரலீங்களே.”

“வாங்க.”

ஆராய்ச்சி நிலையத்தின் வாசலிலேயே இருவரும் அட்டை கடிக்காமல் இருக்கப் போடும் துணிக் காலுறையை முழங்கால் வரை இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். கேட்டைச் சுற்றி மண்டிக் கிடந்த செடிகளை மிதித்துத் தாண்டி, சரிவில் ஏறினார்கள்.

சோலைக்குள் நல்ல இருட்டு. தகடு அடித்த முதல் மரத்தருகே இருதயராஜ் நின்றார்.

“அளங்க.”

“எதுக்குங்க?”

“எப்பவும் எப்படி அளப்பீங்களோ அப்படி.”

சரிவில் நிற்கும் மரத்தை அளக்க ஒரு முறை உண்டு. மேட்டுப்பக்கம் நின்று, மார்பு உயரத்தில் நாடாவைச் சுற்ற வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்றால் கணக்கு தப்பும். நாடா சிக்காமல் சுற்றுவதற்காக, நிற்கும் இடத்தில் இருக்கும் செடிகொடியைக் கொஞ்சம் வெட்டியும் விடுவார்கள். இந்த விஷயத்தில் டீச்சரைக் குறை சொல்லவே முடியாது. அவசரத்துக்குக்கூட பள்ளத்துப் பக்கம் நின்று அளந்தவர் இல்லை.

டீச்சர் மேட்டுப்பக்கம் போய் நின்றார். காலடியில் ஒட்டுப்பூண்டு.

“பாருங்க சார், பாருங்க! நான் சொன்னேன்ல? இங்கயும் வந்துருச்சு.”

“அடுத்த மரம்.”

அடுத்தது ஒரு குங்கிலிய மரம். டீச்சர் மேட்டுப்பக்கம் போனார். அங்கும் அது முழங்கால் உயரத்துக்கு நின்றது.

“இதுக்குத்தாங்க நான் அடிச்சுக்கிறேன். இதை இப்படியே விட்டா நம்ம கண்ணு முன்னாடியே இந்தக் காடு செத்துரும்.”

“அடுத்தது.”

மூன்றாவது மரத்தின் மேட்டுப்பக்கமும் அதேதான். நான்காவது மரத்தை நோக்கி நடந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

அந்த மரத்தின் பள்ளத்துப் பக்கம் பெரணியும் காட்டு ஏலமும் வளர்ந்திருந்தன. நாலைந்து இலை விட்ட ஒரு மரக்கன்றும் இருந்தது. களை இல்லை. மேட்டுப்பக்கம் மட்டும், ஒரு ஆள் நிற்கும் அகலத்துக்கு, ஒட்டுப்பூண்டு பச்சைப்பசேலென்று நின்றது.

பக்கத்தில் தகடு அடிக்காத மரம் ஒன்று. டீச்சர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். எந்தப் பக்கமும் களை இல்லை.

தகடு இல்லாத இன்னொரு மரத்தைப் பார்த்தார். அதிலும் இல்லை.

பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தார். காலுறை முழுக்கக் கொக்கி விதை.

“நிலையத்து வாசல்ல மண்டிக் கிடக்குதே,” என்றார் மெதுவாக. “அதை மிதிச்சுட்டுத்தானே ஒவ்வொரு தடவையும் வர்றேன்.”

இருதயராஜ் தலையாட்டினார்.

“மேட்டுப்பக்கம் நிக்கணும்னு நீங்கதானே சார் சொல்லிக்குடுத்தீங்க?”

“நான்தான்.”

“செடிய வெட்டிவிடணும்னு?”

“அதுவும் நான்தான்.”

“அப்பவே வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க!”

“நேத்துதான் வந்து பார்த்தேன். நீங்க எழுதிக்குடுத்த அன்னைக்கே வந்திருக்கணும். வரலை.”

இருதயராஜின் கண்கள் கலங்கியிருந்தன. அதை மறைக்கவும் இல்லை.

டீச்சர் ஒரு வேரின் மேல் உட்கார்ந்து காலுறையிலிருந்து விதைகளைப் பிய்க்கத் தொடங்கினார். பிய்த்ததை எங்கே போடுவது என்று தெரியவில்லை. கீழே போட்டால் முளைக்கும். இடது உள்ளங்கையில் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

திடீரென்று எழுந்தார்.

“அவங்க பாதையிலயும் இருக்கும்,” என்றார். “இருக்கும் சார். எத்தனை பொம்பளைங்க நடந்தாங்க! சேலையில ஒட்டாம எங்க போகும்? நான் ஒருத்தி மட்டுமே எப்படிங்க?”

இருதயராஜ் ஒதுங்கி வழிவிட்டார்.

டீச்சர் கையை மூடிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினார். காலுறை கழன்று கணுக்காலில் தொங்கியது.

பெண்கள் நடந்த பாதை அங்கே அப்படியே கிடந்தது. நடந்து நடந்து இறுகிய மண், மேலே சருகு. இரண்டு பக்கமும் பெரணி அடர்ந்திருந்தது. டீச்சர் கம்பிவேலி வரைக்கும் போனார். ஒட்டுப்பூண்டைக் காணாமல் திரும்பி வந்தார்.

“சேலையில ஒட்டி வந்திருக்கணுமே,” என்றார்.

“அட்டை ஏறும்னு சேலையை முழங்காலுக்கு மேல தூக்கிச் சொருகிட்டுத்தான் நடப்பாங்க,” என்றார் பின்னாலேயே இறங்கிவந்த இருதயராஜ். “வெறுங்காலு.”

“யாராவது ஒருத்தியாவது சொருகாம வந்திருப்பா.”



டீச்சர் மண்டியிட்டார். ஒரு கை மூடியிருந்ததால் மற்றக் கையால்தான் பெரணியை விலக்க முடிந்தது. விலக்கிப் பார்த்தார். சருகைக் கிளறினார். முட்டி தேய முன்னால் நகர்ந்து மறுபடியும் விலக்கினார். எந்தக் களையைக் கண்டால் வாயில் வசவு வருமோ, அந்தக் களையைத் தேடினார்.

மேலே ஏதோ ஒரு பறவை கத்திவிட்டுப் போனது. அட்டைகள் அவர் கையில் ஏறின. அவர் தட்டிவிடவில்லை.

“ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும் சார்,” என்றார். “ஒரே ஒரு செடி. காய்ஞ்சு கிடந்தாக்கூடப் போதும். அது மட்டும் இருந்துட்டா, பேச்சி விஷயத்துல நான்...”

மண்ணான முகத்தோடு அண்ணாந்து குருவைப் பார்த்தார்.

இருதயராஜ் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தேடுங்க டீச்சர்,” என்றார்.