சுழியன் முதல் வீட்டுக்குப் போன நாள்

அந்தக் காலத்தில், கணினியின் நினைவகம் ஒரே நீளத் தெருவாக இருந்தபோது, அங்கே குடியிருந்த எழுத்துகளுக்குப் பேச்சு இருந்தது. வீட்டுக்கு ஓர் எழுத்து. அடுத்தடுத்த மூன்று வீடுகளில் க, த, வு இருந்தார்கள். மூவரும் சேர்ந்தால் கதவு. நான்காம் வீட்டில் பூஜ்ஜியமான சுழியன். சொல் இங்கே முடிகிறது என்று காட்டுவதுதான் அவன் வேலை.

கட்டியக்காரன் தினமும் முதல் வீட்டிலிருந்து பெயர்களைக் கூவிக்கொண்டு வருவான். அவன் கூவிய எழுத்துதான் திரையில் தெரியும். சுழியனைக் கண்டதும் திரும்பிவிடுவான். சுழியனைத் தவிர, கூவப்படாத எந்த எழுத்தின் வீட்டையும் பொழுது சாய்ந்ததும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வீடு போன எழுத்து அழிந்துபோகும்.

"கூவப் பெயரில்லாதவனுக்கு எதுக்கு வீடு? அங்கே ஒரு மாட்டைக் கட்டலாம்" என்பான் க. மற்ற இருவரும் சிரிப்பார்கள். சுழியன் அதை மறந்ததில்லை.

ஒருநாள் சொல்லைத் திருப்பிப் போட உத்தரவு வந்தது. வீடுகளைச் சுட்டிக்காட்டும் சுட்டிகளான அண்ணனும் தம்பியும் வந்தார்கள். அண்ணன் முதல் வாசலையும் தம்பி கடைசி வாசலையும் காட்ட, அந்த இருவரும் வீடு மாறிக்கொள்ள வேண்டும். பிறகு ஆளுக்கொரு வீடு உள்ளே வந்து அடுத்த இருவரை மாற்றுவார்கள். வாசலைக் காட்டுவார்களே தவிர, உள்ளே யார் என்று கேட்கும் வழக்கம் சுட்டிகளுக்கு இல்லை.

தம்பி, வு வீட்டோடு நிற்காமல், சுழியனின் வாசலைக் காட்டினான். என்ன நடக்கும் என்று சுழியனுக்குத் தெரியும். பேசாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனான். க நான்காம் வீட்டுக்கு வந்தான். நடுவில் இருந்த இருவரும் மாறிக்கொண்டார்கள்.

கட்டியக்காரன் வந்தான். முதல் வாசலிலேயே சுழியனைக் கண்டான். இந்த வரிசையில் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். பின்னால் மூவரும் கத்தியது அவன் காதில் விழவில்லை.

எழுத்துகளைத் தொலைத்துவிட்டாய் என்று அண்ணன் தம்பியை அறைந்தான். தொலைக்கவில்லை என்று தம்பி அழுதான். கடைசியில் அண்ணன் வழக்கத்தை விட்டு, பின்னாலிருந்து ஒவ்வொரு வீடாகத் தட்டி, யார் என்று கேட்டான். க இருந்தான். த இருந்தான். வு இருந்தான். முதல் வீட்டைத் தட்டியபோதுதான் விஷயம் புரிந்தது.

"இங்கே வரக் கூடாதென்று உனக்குத் தெரியாதா?"

"உன் தம்பி என் வாசலைக் காட்டினான், வந்தேன்" என்றான் சுழியன். "அவர்கள் என்னை வைத்துச் சிரித்தபோது நீங்கள் யாராவது வந்து கதவைத் தட்டினீர்களா?"

அண்ணன் திரும்பிப் பார்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது. புதிய ஆட்கள் சாமான்களோடு மூன்று வீடுகளுக்குள்ளும் நுழைந்துகொண்டிருந்தார்கள்.

அன்று முதல்தான், சொல்லைத் திருப்ப வரும்போது கடைசி வாசலைக் காட்டும் சுட்டி, சுழியன் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு, ஒரு வீடு பின்வாங்கி நின்று வேலையைத் தொடங்குகிறான். அதை மறந்து கணினிக்கு நிரல் எழுதுபவனுக்கு இன்றும் திரையில் ஓர் எழுத்தும் வருவதில்லை.