நாற்பது எழுத்துப் பூட்டு

குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்தாறு. உலகத்தில் எல்லாமே வரிசைப்படியா நடக்கிறது? கம்ப்யூட்டர் பாதுகாப்பு சொல்லித்தரும் செண்பகவல்லியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார் கோதண்டபாணி. அவள் அவரை சார் என்பாள்.

அவர் ஒரு எச்.ஐ.வி. ஆலோசனை மையத்தில் பதிவாளர். சிகிச்சைக்கு வருகிறவர்களின் பெயர்ப்பட்டியல் அவர் பொறுப்பு. மூன்று மாதமாகப் பொய்ப்பெயரில் வந்துகொண்டிருந்த பூக்கட்டும் பெண் ஒருத்தி, "யாரும் பாக்கமாட்டாங்க, என்னை நம்பும்மா" என்று அவர் சொன்ன பிறகு, அன்று காலைதான் நிஜப்பெயரைச் சொன்னாள்.

மாலையில் டீச்சரை மையத்துக்கே அழைத்துவந்துவிட்டார். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நாப்பது எழுத்துல பாஸ்வேர்ட் டீச்சர். வீட்டம்மாவுக்கே தெரியாது. போதுமா, இன்னும் நீட்டணுமா?"

டீச்சர் ஒரு பென்டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அது பென்டிரைவில் இருந்த வேறொரு சிஸ்டத்தோடு எழுந்தது. பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை. நாலு நிமிஷத்தில் பட்டியல் திரையில் வந்து நின்றது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீங்களே பாருங்க சார். நான் பாக்கல."

கடைசி வரியில் பூக்காரியின் பெயர்.

"அடப்பாவி!" என்றார் கோதண்டபாணி, கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான். சும்மா இருப்பாரா? பென்டிரைவிலிருந்து எழ முடியாதபடி செட்டிங்கை மாற்றி, அந்தச் செட்டிங்குக்கும் ஒரு பாஸ்வேர்ட் போட்டார்.

"இப்ப?"

சூடாகிறது என்று கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். நம்மூரில் எந்த ஆபீஸில்தான் இது இல்லை? டீச்சர் கரண்ட் ஒயரைப் பிடுங்கினாள். திறந்த பக்கம் வழியாகக் கையைவிட்டு, செட்டிங்கை ஞாபகம் வைத்திருக்க உதவும் காசு அளவு பேட்டரி ஒன்றைக் கழற்றினாள். கொஞ்சம் பொறுத்துத் திரும்ப மாட்டினாள். புதுச் செட்டிங், புது பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் மறந்து பெட்டி எழுந்தது. மறுபடியும் அதே பென்டிரைவ், அதே பட்டியல்.

கோதண்டபாணி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"அந்தப் பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டேனே டீச்சர்."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. இந்த வயதில் இவ்வளவு அக்கறையாகப் படிக்கிற மாணவர் எத்தனை பேருக்குக் கிடைப்பார்? தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"வாக்குக் குடுத்தது நீங்க சார், பெட்டி குடுக்கலையே. யார் எழுப்புறாங்களோ அவங்க பேச்சைக் கேக்கணும்னுதான் அதைச் செஞ்சு வெச்சிருக்காங்க. தண்ணியைக் குடிங்க. உங்க நாப்பது எழுத்தைப் போட்டாத்தான் படிக்க முடியும்னு பட்டியலையே புரியாத எழுத்தா மாத்தி, அதையும் வாக்குக் குடுக்க வைப்போம்."