கழித்த மூன்று மாதம்

கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும், இந்தக் கதைக்கு விடை சொல்லிவிடலாம் என்று நினைப்பீர்கள். கேளுங்கள்.

முத்துச்செல்வியின் மகன் நிகிலன் மூன்று மாதம் முந்திப் பிறந்தவன். நுரையீரல் முதிராததால் ஐந்து மாதம் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தான். "மூச்சு பட்ட பாடு மூளை வளர்ச்சியையும் பாதிக்கலாம். வளர்ச்சியைப் பாக்கறவங்க வயசு கேட்டா, மூணு மாசம் கழிச்சுச் சொல்லுங்க" என்று மதுரை டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றோடு அவளுக்கு மனசு மரத்துப்போயிற்று. அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான்.

பிறந்து பதினோரு மாதம் ஆனதும் சொந்த ஊரான கோவில்பட்டியிலேயே வளர்ச்சிப் பரிசோதனைக்குப் போனார்கள். பிறந்த தேதி எழுதிய ஆஸ்பத்திரி ஃபைலை அவள் புருஷன் இசக்கிராஜ், நல்ல மனுஷன், வீட்டிலேயே மறந்துவிட்டான்.

"என்ன வயசும்மா?" என்றாள் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் ரெஜினா.

"எட்டு மாசம்."

"எத்தனை மாசம் முந்திப் பிறந்தான்?"

"மூணு."

நிகிலன் புரண்டான், கிலுகிலுப்பையைப் பிடித்தான். உட்கார வைத்தால் மட்டும் சரிந்து விழுந்தான். ரெஜினா சீட்டு எழுதினாள். "வயசுக்குச் சரியா இருக்கான். இனி மூணு மாசம் கழிச்சு வாங்க."

இசக்கிராஜுக்குக் கண் கலங்கியது. இத்தனை மாதத்தில் 'சரியா இருக்கான்' என்று யாருமே சொன்னதில்லை.

வாசலுக்கு வந்தும் முத்துச்செல்வியின் காதில் அந்தக் 'கழிச்சு' நின்றது. சீட்டைப் பார்த்தாள். வயது: ஐந்து மாதம்.

"ஏங்க, நான் கழிச்சுத்தான் சொன்னேன். அவங்களும் கழிச்சிருக்காங்க."

இசக்கிராஜ் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "தெரியும் செல்வி. உள்ளேயே பாத்துட்டேன். இருக்கட்டும். மூணு மாசமாவது நிம்மதியா இருப்போமே."

எட்டு மாதம் என்று திருத்தினால், இன்னும் உட்காராத பிள்ளை பின்தங்கியவன் என்று எழுதுவார்கள். அது தெரிந்தும் அவள் சீட்டை உருவிப் பிரித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

சொல்லுங்கள், சீட்டை மடித்தவன் செய்தது சரியா, பிரித்தவள் செய்தது சரியா?

விடை: இசக்கிராஜைத் திட்டாதீர்கள், அவனும் பெற்றவன்தானே. ஆனாலும் முத்துச்செல்வி செய்ததுதான் சரி. வயிற்றில் இருந்திருக்க வேண்டிய மூன்று மாதம் போனது போனதுதான். 'இருக்கட்டும்' என்று அவன் விடப் பார்த்த மூன்று மாதமோ இன்னும் கையில் இருந்தது. மூளை பயிற்சியைப் பிடித்துக்கொள்கிற மாதங்கள் அவை. ரெஜினா பதறிப்போய் ஐந்தை அடித்து எட்டு என்று எழுதினாள், அன்றைக்கே பயிற்சியைத் தொடங்கினாள். சீட்டில் 'தாமதம்' என்ற சொல்லைப் படித்த பிறகுதான் முத்துச்செல்வி வாய்விட்டு அழுதாள்.