மைனா முகத்து மஞ்சள்

அந்தக் காலத்தில் பனைமரத்துக்கும் பேச்சு இருந்தது, மைனாவுக்கும் பேச்சு இருந்தது, எழுத்து மட்டும் யாரிடமும் இல்லை. ஓர் ஊரில் நடந்ததை மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோய்ச் சொல்வது மைனாவின் வேலை. ஒரு பிடி கம்பு போட்டால் போதும், பிறந்தவர், செத்தவர், ஓடிப்போனவர் கதையெல்லாம் சொல்லும். உள்ளதை உள்ளபடி சொல்லுமா என்று மட்டும் கேட்கக் கூடாது. கண், காது, மூக்கு வைத்துச் சொன்னால்தான் அதற்குத் தின்ற கம்பு செரிக்கும்.

செம்மண் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் சுடலை என்று ஒரு பனையேறி இருந்தான். ஒருநாள் மர உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்தவன், முத்துவடிவின் குடிசை தீப்பிடிப்பதைப் பார்த்துவிட்டான். உள்ளே அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. சுடலை மளமளவென்று இறங்கி ஓடி, இரண்டையும் தூக்கி வந்து வெளியே போட்டான். பட்ட தீக்காயத்தில் மூன்றாம் நாள் செத்துப்போனான்.

ஊரே பார்க்க நடந்தது இது. ஊரே அழுதது. ஊர்த்தலைவர் வண்டிமலையான், "அறுப்பு முடியட்டும், சுடலைக்குக் கல் நட்டுருவோம்" என்றார். உயிரைக் கொடுத்து உயிர் காத்தவனுக்குக் கல் நட்டு விளக்கேற்றுவது அங்கே வழக்கம். கல் கிடைத்தவன் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். அவப்பெயரோடு போனவன் பெயரை யாரும் வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள்.

சுடலையின் மனைவி மாடத்திக்கு அப்போது ஐந்தாம் மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அவன் பெயரை வைத்துக் கூப்பிட வேண்டும். அவளுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

இதற்குள் மைனா கிளம்பிவிட்டது. முதல் ஊரில் சுடலை ஒரு வாய் கள் குடித்திருந்தான். மூன்றாம் ஊரில் ஒரு பானை குடித்திருந்தான். ஐந்தாம் ஊரில் தீப்பந்தத்தோடு தள்ளாடி வந்து அவனே கூரைமேல் விழுந்தான். ஏழாம் ஊரில் வெள்ளைக் குதிரையில் ஒரு வீரன் வந்து பிள்ளைகளைக் காப்பாற்றினான். கதை இப்படிக் கொழுத்துப்போய்ச் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தது. கேட்க ருசியாக இருந்ததால் ஊரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது.

கண்ணால் பார்த்தவர்களே மாறிப்போனார்கள் என்பதுதான் கொடுமை. "அன்னைக்கு ஏதோ குதிரைச் சத்தம் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றாள், பிள்ளைகளைப் பெற்ற முத்துவடிவு. "கல் நடுறதப் பத்திக் கூட்டத்துல பேசுவோம்" என்று இழுத்தார் வண்டிமலையான்.

மாடத்தி வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டாள். அவளிடம் ஆமாம் என்பார்கள், அவள் தலை மறைந்ததும் குதிரையில் ஏறிக்கொள்வார்கள். ஒருநாள் மஞ்சள் இடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசும்போது, "அவுக அன்னைக்குக் கொஞ்சம் குடிச்சிருந்தாக போல" என்று மாடத்தியின் வாயிலிருந்தே வந்துவிட்டது.

உலக்கை கையிலேயே நின்றது. சுடலை பதநீர் தவிர எதையும் தொடாதவன். அவளுக்கு அழுகையைவிடப் பயம்தான் முதலில் வந்தது. ஊர் மறந்தால் போகட்டும், நானே மறந்துவிட்டால் அவர் எங்கே இருப்பார் என்று நினைத்தாள். உலக்கையைப் போட்டுவிட்டுச் சுடலை ஏறிய பனையிடம் ஓடினாள்.

அந்தப் பனையின் அடியில் மூன்று கீறல்கள் இருந்தன. எந்த மரத்துக்கு எந்த நாள் பதநீர்க் கலயம் மாற்ற வேண்டும் என்று பனையேறிகள் அரிவாளால் அடையாளம் போடுவார்கள். சுடலை வெட்டிய கீறல்கள் அவை. அவனைப் பற்றிய பேச்சு ஏழு ஊர் சுற்றி ஏழு விதமாகிவிட்டது, மூன்று கீறல் மட்டும் மூன்றாகவே இருந்தது. மாடத்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஓர் ஓலை குடு" என்றாள் பனையிடம்.

"எதுக்கு, பெட்டி முடையவா?"

"அவுகளப் போட்டு வைக்க."

பனை ஒரு குருத்தோலையை உதிர்த்தது. மாடத்தி கருவேல முள்ளை எடுத்து, சொல்லுக்கு ஓர் அடையாளம் என்று கீறினாள். ஒன்றும் தெரியவில்லை. ஆத்திரத்தோடு ஓலையைத் தடவினாள். அடுப்புக்கரியும் மஞ்சளும் அப்பிய கை அது. கரி கீறலுக்குள் இறங்கி, சொல்லெல்லாம் கருகருவென்று எழுந்து நின்றது. மாடத்தி வாய்விட்டுச் சிரித்தாள். அவன் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

கை சூடு பிடித்ததும் ஆசையும் பிடித்தது. ஏழு பிள்ளைகளைக் காப்பாற்றினான் என்று கீறினாள்.

"ஏ புள்ள, நான் மேல இருந்து ரெண்டுதான பாத்தேன்?" என்றது பனை.

"மைனா மட்டும் கூட்டிச் சொல்லலாமோ?"

"அப்பம் மைனாகிட்டயே குடுத்துரு. நீ எதுக்குக் கஷ்டப்படுத?"

மாடத்திக்குச் சுருக்கென்றது. அந்த ஓலையைக் கிழித்துப் போட்டாள். புது ஓலையில் நடந்ததை மட்டும் எழுதினாள். சுடலைக்குப் பெருமை சேர்க்காத ஒன்றும் நடந்திருந்தது. அதை எழுத அவளுக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதினாள்.

கூட்டத்தன்று காலை ஊரே ஆலமரத்தடியில் கூடியது. மாடத்தி ஓலைக்கட்டோடும், எழுத்தில் தடவ ஒரு கிண்ணம் கரியோடும், ஓலையைப் பூச்சி அரிக்காமல் பூச ஒரு கிண்ணம் மஞ்சள் குழம்போடும் வந்தாள். மைனாவும் வந்து கிளையில் உட்கார்ந்தது.

"ரெண்டு பேரும் மூணு தடவை சொல்லுங்க. எது மாறலியோ அதுதான் நெசம்" என்றார் வண்டிமலையான்.

மைனா முதல் தடவை வெள்ளைக் குதிரை என்றது. இரண்டாம் தடவை செவலைக் குதிரை என்றது. மூன்றாம் தடவை உற்சாகத்தில் யானையையே கொண்டுவந்துவிட்டது.

மாடத்தி எழுந்தாள். ஓலையைப் பார்த்துப் படித்தாள்: "சுடலை தீக்குள் போனார். பிள்ளை என்று நினைத்து முதலில் ஒரு கோழியைத் தூக்கி வந்தார். வெளிச்சத்தில் பார்த்ததும், அடச்சீ என்று தன்னையே வைதுகொண்டு மறுபடியும் உள்ளே போனார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முத்துவடிவு மட்டும் சிரிக்கவில்லை. "ஏயம்மா, அந்தக் கோழி! என் கொண்டைக்கோழி!" என்று தலையில் அடித்துக்கொண்டு எழுந்தாள். "என் காலடியிலதான போட்டாரு! அடச்சீன்னு சொன்னது இப்பவும் என் காதுல கேக்கே! குதிரையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பாவி, நான் எப்பிடி மறந்தேன்?"

"எனக்கும் ஞாபகம் வருது, ரெட்டைல ஒண்ண நான்தான் கையில வாங்குனேன்" என்றார் இன்னொருவர். ஒருவர் பின் ஒருவராக ஊரே குதிரையை விட்டு இறங்கியது. மாடத்தி இரண்டாம் தடவை படித்தாள், மூன்றாம் தடவை படித்தாள். ஒரு சொல் மாறவில்லை. வண்டிமலையான் எழுந்து அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "கல்லை இன்னைக்கே நடுவோம். இந்த ஓலையில உள்ளத அப்பிடியே அதுல வெட்டுங்க, கோழியையும் சேத்து." பெண்கள் போட்ட குலவையில் ஆலமரத்துப் பறவைகள் எல்லாம் பறந்தன. மாடத்தி வயிற்றில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். கார்த்திகையில் அவளுக்குப் பெண் பிறந்தது. சுடலைவடிவு என்று பெயர் வைத்து, தெருக் கேட்கக் கூப்பிட்டாள்.

கூட்டத்தன்று மைனாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அந்த ஓலைக்குள்ள யாரு இருந்து பேசுதா?" என்று பறந்து வந்து கிண்ணங்களின் நடுவில் இறங்கியது. அவசரத்தில் தலையைக் கரிக் கிண்ணத்தில் விட்டு எடுத்தது. கண் எரிய, கழுவுகிறேன் என்று மஞ்சள் கிண்ணத்தில் ஏறி நின்று மூக்கால் வாரி வாரிக் கண்ணில் அடித்துக்கொண்டது. பிறகு எந்தக் குளத்தில் முங்கியும் சாயம் போகவில்லை.

அன்று முதல்தான் மைனாவுக்குத் தலை கறுப்பு, மூக்கும் காலும் கண்ணோரமும் மஞ்சள். அன்று முதல்தான், தனக்கு வேண்டிய ஓர் உயிரைப் பற்றி ஊர் தப்பாகச் சொல்வதைக் கேட்டுப் பொறுக்காத யாராவது ஒருவர், போட்ட வேலையைப் போட்டபடி விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிடுகிறார்.