கும்பிட்டால் ஒரு பட்டு

கொன்றையூரை ஆண்ட பரிமேலரசருக்கு எல்லாமே புதுசாக இருக்க வேண்டும், பழைய சோற்றைத் தவிர. ராஜா காலத்தில் புதுப்புதுக் கருவியெல்லாம் ஏது என்று நடுவில் யாரும் கேட்கக் கூடாது. கதை என்னுடையது, என் ராஜாவிடம் இருந்தது, அவ்வளவுதான்.

அரண்மனைத் தறிக்கூடத்துப் பட்டுச்சேலைகள் விற்காமல் குவிந்து கிடந்தன. அவற்றை விற்றுக் காட்டுகிறேன் என்று விளம்பர மந்திரி மேகவண்ணர் கடைவீதியில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடியை நிறுத்தினார். எதிரே போய் நின்றால் நாமே பட்டுச்சேலை கட்டியிருப்பது போலக் காட்டும். கையை வீசினால் அடுத்த சேலை வரும். விரலைச் சுழற்றினால் கரையின் நிறம் மாறும்.

"இதன் பெயர் ஆக்மென்டட் ரியாலிட்டி, மன்னா!"

"ஆகட்டும் ரியாலிட்டி" என்றார் மன்னர். கடைசிவரை அவருக்கு அப்படித்தான் வந்தது.

"பிடித்த சேலையை வாங்குவதற்கு என்ன சைகை?" என்று அவரே கேட்டார்.

"வெளிதேசத்தில் கட்டைவிரலை நிமிர்த்துவார்களாம். நம் ஊரில் கட்டைவிரலை ஆட்டினால் 'ஏமாந்தியா' என்று அர்த்தமாகிவிடும். அதனால் கும்பிடு வைத்திருக்கிறேன். கண்ணாடி முன் யார் கைகூப்பினாலும் அவரே வாங்கியவர். முகத்தைப் பார்த்து அதுவே பெயரைப் பதிந்துகொள்ளும். சட்டமாகவே எழுதி முத்திரையும் வைத்தாயிற்று."

மந்திரி அதோடு விட்டாரா? மன்னரையே படம்பிடித்துக் கண்ணாடிக்குள் ஏற்றிவிட்டார். யார் எதிரே வந்தாலும் பக்கத்தில் மன்னர் தோன்றி, சிரித்த முகமாகக் கைகூப்பி, "வாங்க, வாங்க!" என்பார்.

திடீரென்று பக்கத்தில் ராஜா வந்து கும்பிட்டால் குடிமகன் என்ன செய்வான்? பதறிப்போய்ப் பதிலுக்குக் கும்பிடுவான். கும்பிட்டால் ஒரு பட்டு! யானைப்பாகனுக்கு நான்கு சேலை. கோவணம் மட்டுமே கட்டும் சாமியாருக்கு மூன்று கல்யாணப் பட்டு. மந்திரி மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

கீரை விற்கும் வெள்ளச்சியின் கடை கண்ணாடிக்கு நேர் எதிரே. ஏழு நாளில் அவள் பெயரில் ஏழு பட்டு ஏறிவிட்டது. எட்டாம் நாள் மன்னர் தோன்றியதும் அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டாள். காவலர்கள் கையோடு பிடித்துக்கொண்டு போனார்கள்.

"ராஜ நிந்தனை!" என்று சபையில் முழங்கினார் மேகவண்ணர். "மன்னர் கும்பிட்டும் இவள் கும்பிடவில்லை. நாடு கடத்த வேண்டும்!"

மன்னரின் முகம் சிவந்தது. "அப்படியா பெண்ணே?"

வெள்ளச்சி அழுதுவிட்டாள். "சாமி, கும்பிட்டா சேலைங்குது, கும்பிடாட்டி செயிலுங்குது. நான் கையை எங்கதான் வச்சுக்குவேன்? இந்த ஊரை விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்ல சாமி."

சபையில் நக்கண்ணன் என்றொருவர் இருந்தார். என்ன பதவி என்று யாருக்கும் தெரியாது. மன்னருக்குக் கோபம் வந்தால் அவரைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

"மன்னா, அந்தக் கண்ணாடியை ஒருமுறை நான் பார்க்க வேண்டும்" என்றார். எட்டுப் பேர் அதைத் தூக்கி வந்து மந்திரியின் எதிரிலேயே வைத்தார்கள்.

கண்ணாடியில் மன்னர் தோன்றினார். "வாங்க, வாங்க!"

பழக்கதோஷம். மந்திரியின் கைகள் தாமாகக் குவிந்தன.

"மயில்கழுத்துப் பட்டு ஒன்று, மேகவண்ணர் பெயரில் பதிவாகிவிட்டது" என்றது கண்ணாடி.

சபை கொல்லென்று சிரித்தது. மறுபடி மன்னர் தோன்றியபோது மந்திரி கைகளைச் சட்டென்று அங்கவஸ்திரத்துக்குள் ஒளித்தார்.

"ஐயோ, ராஜ நிந்தனை!" என்று அலறினார் நக்கண்ணன். "மன்னா, பார்த்தீர்களா?"

மந்திரி கைகளை வெளியே எடுத்துக் கும்பிட்டார். அரக்குப் பட்டு. அடுத்த "வாங்க"வுக்கு மாம்பழ மஞ்சள். அதற்கடுத்து ஊதா. ஒன்பதாவது பட்டில் மந்திரிக்கு மூச்சு வாங்கியது.

"நிறுத்துங்கள்! இது வெறும் படம்! படத்தைக் கும்பிடாவிட்டால் அது எப்படி நிந்தனையாகும்?"

"ஆகாதுதான்" என்றார் நக்கண்ணன் சாவகாசமாக. "வெள்ளச்சி, மந்திரியே உன் வழக்கைத் தீர்த்துவிட்டார். கேட்டுக்கொள்."

மன்னர் மீசைக்குள் சிரித்தார். "அவள் போகலாம். ஆனால் ஊரார் பெயரில் ஏறிய சேலைகள்?"

"பதிவு பதிவுதான் மன்னா!" என்று மந்திரி விடாப்பிடியாக நின்றார். "கண்ணாடி முன் கைகூப்பியவர் வாங்கியவர். முத்திரை வைத்த சட்டம்."

"அந்தச் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்" என்றார் நக்கண்ணன். "கண்ணாடியில் ஒவ்வொரு முறையும் முதலில் கைகூப்பியது யார்?"

மந்திரி மன்னரைத் திரும்பிப் பார்த்தார்.

"நானா?" என்றார் மன்னர்.

"தாங்களேதான். முந்தியவருக்குத்தானே சரக்கு? அத்தனை பட்டும் தாங்கள் வாங்கியவை."

"அடேய், நான் மரியாதைக்கல்லவா கும்பிட்டேன்!"

"மரியாதைக்குக் கும்பிட்டவர்கள் ஊரார், மன்னா. பாவம், அவர்கள் வாயே திறக்கவில்லை. எதற்காகக் கும்பிட்டீர்கள் என்பதைத் தாங்கள்தான் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டீர்களே, 'வாங்க, வாங்க' என்று!"

மன்னர் சிம்மாசனத்தின் கையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கிரீடம் சாய்ந்து காதில் மாட்டிக்கொண்டது.

"நான் வாங்கிய பட்டு, நானே கொடுக்கிறேன். அவரவர் பெயரில் ஏறியதை அவரவரே வைத்துக்கொள்ளட்டும், என் பரிசாக. மேகவண்ணரே, உம்முடைய ஒன்பதையும் நாளையிலிருந்து நாளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டு சபைக்கு வாரும். விளம்பரமாக இருக்கும்! நக்கண்ணா, இந்த முத்துமாலை உனக்கு."

வெள்ளச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னரை நோக்கி இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"நில்லு, நில்லு!" என்று பாய்ந்தார் நக்கண்ணன். தோளிலிருந்த துண்டை உருவிக் கண்ணாடியின் மேல் போட்டு மூடினார்.

"இப்பக் கும்பிடு தாயி. இது இனாம்."