தண்ணிக்காரர் வீட்டு ஆர்கிட்

காலை நீட்டிப் படு தேனு. அத்தை கையைப் புடிச்சுக்க. "ம்"னு சொல்லிட்டே இருக்கணும், சரியா? "ம்" நின்னா கதையும் நின்னுடும்.

ஒரு ஊர்ல ஆர்கிட்னு ஒரு பூச்செடி இருந்துச்சாம். காட்டுலயான்னு கேளு. இல்ல, சேலத்துல ஒரு சூப்பர் மார்க்கெட்ல, சோப்புக்கும் சேமியாவுக்கும் நடுவுல, ஏழு ஊதாப் பூவோட நின்னுட்டு இருந்துச்சாம். சொர்ணம்னு ஒரு அம்மா அதை வாங்கிட்டு வந்தாங்க. வீட்டுக்குன்னு எவ்வளவோ வாங்கியிருக்காங்க, தனக்குன்னு ஆசைப்பட்டு வாங்கினது அது ஒண்ணுதான்.

"ம்."

வாங்கிப் பத்து நாள் ஆகல. பாத்ரூம்ல வழுக்கித் தொபுக்கடீர்னு விழுந்து, இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணி, ரெண்டு மாசம் தங்கச்சி வீட்ல இருக்கணும்னு ஆயிடுச்சு. இவங்க வீடு மாடி, படி ஏறக் கூடாதுல்ல? ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்போ வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "ஏங்க, என் செடியைப் பாத்துக்கங்க. நான் வரும்போது அது இருக்கணும்."

வீட்டுக்காரர் பேரு தர்மலிங்கம். முப்பது வருஷம் தண்ணி டேங்க்ல வால்வு தொறந்து விட்டவர். ஊருக்கே தண்ணி விட்டவருக்கு ஒரு செடிக்கு ஊத்தத் தெரியாதா? அப்படித்தான் அவரும் நெனச்சாரு.

தினம் காலைல குளிச்சிட்டு துளசிக்கு ஒரு சொம்பு, ஆர்கிட்டுக்கு ஒரு சொம்பு. சளக், சளக். ஒருநாள் பொத்துனு ஒரு பூ விழுந்துச்சு. மறுநாள் பொத், பொத். ஏழும் போச்சு. அப்புறம் என்ன பண்ணாரு? தாகம் போலன்னு ரெண்டு சொம்பு ஊத்துனாரு, கூட அரிசி கழுவுன தண்ணி வேற. இலையெல்லாம் மஞ்சளாகி, நமத்துப் போன அப்பளம் மாதிரி தொவண்டுடுச்சு. அப்பவாவது விட்டாரா மனுஷன்? செம்மண்ணையும் சாணியையும் கொழச்சு, தொட்டியில போட்டு, கும் கும்முனு குத்தி அமுக்குனாரு. மூணாம் நாள் கிட்டப் போனா கப்புனு நாத்தம்.

சாயங்காலம் போன் வரும். "செடி எப்படிங்க இருக்கு?"

"ஜம்முனு இருக்கு சொர்ணம்."

சொல்லிட்டு வெச்சா அவருக்குச் சோறு எறங்காது. பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்ல. தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

அப்போ கீழ இஸ்திரி வண்டி வெச்சிருக்கிற வெள்ளையம்மா, தேச்ச துணியைக் குடுக்க மாடிக்கு வந்தா. ஏற்காட்டு மலைக்காரி. செடியைப் பாத்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டா.

"என்னங்கய்யா, இதைப் போய்ப் பொதச்சு வெச்சிருக்கீங்க? எங்க மலைல இதெல்லாம் மரத்து மேல உக்காந்திருக்கும். மண்ணே ஆகாது. வேருக்குக் காத்து வேணும்."

"பொழைக்குமா?"

"பொழைக்காம என்ன? கத்திரிக்கோலைக் குடுங்க."

மண்ணை அலசிட்டுப் பாத்தா, வேரெல்லாம் கறுத்துக் கொழகொழன்னு கெடக்கு. நறுக், நறுக், நறுக். அழுகுனதெல்லாம் போக மிச்சம் மூணு வேரு, ரெண்டு இலை. வெட்டுன எடம் மறுபடி அழுகாம இருக்க, சமையல் பட்டையை இடிச்சுத் தூவுனா. அப்புறம் வண்டியில இருந்து நெருப்பு வைக்காத கரி ரெண்டு கை, தேங்கா மட்டைத் துண்டு ஒரு கை கொண்டாந்து, ஓட்டை போட்ட தொட்டியில நெரப்பி, செடியை மேலாக்க உக்கார வெச்சா. கெழக்கு ஜன்னல் ஓரமா வெச்சாச்சு.

"வேர் வெளுத்தாத்தான் தண்ணி. பச்சையா இருக்கிற வரைக்கும் சொம்பைத் தொடாதீங்க."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"சும்மா இருங்க."

சும்மா இருக்கிறதுதான்டி அவருக்குக் கஷ்டம். மொத நாள் சொம்போட வந்தாரு, வேரைப் பாத்தாரு, பச்சை. திரும்பிட்டாரு. ரெண்டாம் நாளும் அதே கதை. கை நமநமங்குது. மூணாம் நாள், துளசிக்கு டம்ளரே போதும்னு சொம்பைத் தூக்கிப் பரண் மேல போட்டுட்டாரு. ஆறாம் நாள் வேர் வெளுத்துச்சு. ஒரு டம்ளர் ஊத்தி, சொட்டுச் சொட்டா வடிய விட்டாரு. இப்படியே அஞ்சு வாரம். ஒருநாள் காலைல பாக்குறாரு, பாசிப்பயறு அளவுக்குப் பச்சையா ஒரு புது வேர் எட்டிப் பாக்குது.

"ம்..."

அப்புறம் சொர்ணம் வந்தாங்க. ஒவ்வொரு படியா ஏறி, வாக்கரைப் புடிச்சு, உள்ள வந்து உக்காந்தாங்க. ஜன்னலைப் பாத்தாங்க.

"பூ எங்கங்க?"

"நான்தான் கொன்னுட்டேன் சொர்ணம். சொம்பு சொம்பா ஊத்தி அழுக விட்டுட்டேன். போன்ல சொன்னதெல்லாம் பொய்." அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "ஆனா உயிர் இருக்கு. புது வேர் விட்டிருக்கு. இரு, கொண்டாந்து காட்டுறேன்."

"வேணாம், நானே போய்ப் பாக்குறேன்."

எந்திரிச்சதும் இவரு பதறிப் போய் தோளைப் புடிச்சாரு, வாக்கரைப் புடிச்சாரு. "நீ எதுக்கு நடக்குற? உனக்கு எல்லாத்தையும் நான் பண்றேன்."

சொர்ணம் அவரை நிமிந்து பாத்தாங்க. "ஏங்க, எனக்கும் சொம்பு சொம்பா ஊத்தாதீங்க."

அவரு கையை எடுத்துட்டாரு. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு ஓரமா நின்னாரு. டக்... டக்... டக்... பதினோரு அடி. அவங்களே நடந்து, ஜன்னலைப் புடிச்சு நின்னு, அந்த வேரைத் தொட்டுப் பாத்தாங்க. "இருக்கே"ன்னாங்க.

"பூத்துச்சா... அத்தை?"

பூக்கும். அது பாட்டுக்குப் பூக்கும், நீ பாட்டுக்குத் தூங்கு. கதையும் ஜன்னல் ஓரமாப் போய்ச் சேந்தாச்சு.